வெறுங்கால், பூட்ஸ், ரஹீம் சாகிப்: பழைய கால்பந்து கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு வரைதான் என் எல்லை. ஐஎஸ்எல் ஏலம், இந்த சீசன் யார் ஜெயிப்பார் என்பதெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

திருநெல்வேலி வாசகர்: 1911இல் மோகன் பகான் ஜெயித்ததை ஏன் இத்தனை பெரிதாகப் பேசுகிறார்கள்? ஒரு கோப்பைதானே?

ஒரு கோப்பைதான். ஆனால் ஐ.எஃப்.ஏ. (இந்தியக் கால்பந்துச் சங்கம்) நடத்திய ஷீல்டு போட்டியை அதுவரை எந்த இந்திய அணியும் ஜெயித்ததில்லை. 29 ஜூலை 1911 அன்று கல்கத்தாவில் இறுதிப் போட்டி, எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட். முதல் கோல் அவர்களுடைய ஜாக்சன் அடித்தது. ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அபிலாஷ் கோஷ் இன்னொன்று போட்டார். 2-1. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் ரெவரெண்ட் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். வங்கப் பிரிவினைக் கொந்தளிப்பு அடங்காத காலம் என்பதால் அது வெறும் விளையாட்டாக நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: "இந்தத் தோல்வியால்தான் வெள்ளைக்காரன் தலைநகரை டெல்லிக்கு மாற்றினான்" என்று ஒரு வாட்ஸப் தகவல் சுற்றுகிறது. இரண்டும் ஒரே வருடம் நடந்தன, அவ்வளவுதான். இந்தியர்கள் வெள்ளையர் அணியை வென்ற முதல் ஆட்டமும் இதுவல்ல. 1892இலேயே சோவாபஜார் கிளப், டிரேட்ஸ் கோப்பையில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டைச் சாய்த்திருக்கிறது.

வேலூர் மாணவி: 1950 உலகக் கோப்பையில் வெறுங்காலில் ஆட விடாததால் நாம் போகவில்லை என்பது உண்மையா சார்?

இல்லைம்மா. தகுதிச் சுற்றிலிருந்து பர்மா, இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகியதால் நமக்கு ஆடாமலே இடம் கிடைத்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் பெயரும் போட்டாகிவிட்டது. கடைசியில் நம் கால்பந்து சம்மேளனமே விலகிக்கொண்டது. அவர்கள் சொன்ன காரணங்கள் பயிற்சிக்கு நேரமில்லை, அணித் தேர்வில் தகராறு என்பவை. பூட்ஸ் அதில் இல்லை.

வியாசர்பாடி வாசகர்: ஐயா, மன்னிக்கணும். 1948 ஒலிம்பிக்கில் நம்மாட்கள் வெறுங்காலில் ஆடியதைப் பார்த்துத்தானே ஃபிஃபா தடை போட்டது? எங்கள் ஏரியாவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் பிரச்சினை. 1948க்குப் பிறகு தடை என்றால், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் வீரர்கள் சிலர் எப்படி வெறுங்காலில் ஆடினார்கள்? அந்த ஆட்டத்தில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று புரட்டி எடுத்தது. அந்தக் குளிரில் வெறுங்கால் சரிப்படவில்லை. அதன் பிறகுதான் நம் சம்மேளனமே பூட்ஸைக் கட்டாயமாக்கியது. வெளியிலிருந்து யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

வியாசர்பாடி வாசகர் (மறுபடி): சரி, அப்போ காசில்லை. ஏழை நாடு.

பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்க, உலகக் கோப்பையை நடத்திய பிரேசில் தயாராக இருந்தது. உண்மை இதைவிடச் சப்பென்று இருக்கும். அன்றைக்கு நம் அதிகாரிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பையின் மதிப்பு அவர்களுக்குப் புரியவில்லை. அணித் தலைவராகப் போயிருக்க வேண்டிய சைலன் மன்னாவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். பூட்ஸ் கதையில் வெளிநாட்டுக்காரன் வில்லன், நாம் பாவம். அதனால்தான் அது இத்தனை வருடம் ஓடுகிறது. நிஜத்தில் கோட்டை விட்டது ஒரு கமிட்டி.

சேலம் வாசகர்: வெறுங்கால் என்றால் பூட்ஸ் வாங்க வசதியில்லாமலா?

எல்லோருக்கும் அப்படியில்லை. கணுக்காலைச் சுற்றித் துணிக்கட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். காய்ந்த தரையில் பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும், அந்த உணர்வு பூட்ஸில் கிடைக்காது என்று விரும்பியே ஆடியவர்கள் நிறைய. ஆனால் கல்கத்தா லீக் நடப்பது மழைக்காலத்தில். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். முகமதன் ஸ்போர்ட்டிங் ஈரத் தரையில் பூட்ஸுக்கு மாறியது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டம். அதே கிளப்பின் முகமது சலீம் 1936இல் ஸ்காட்லாந்து போய், செல்டிக் அணிக்குக் கால்கட்டோடு ஆடிக் காட்டினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரத்துக்கு ஒன்று, காய்ந்த தரைக்கு ஒன்று என்று யோசித்து ஆடியவர்கள்.

கோவை வாசகர்: 1948இல் பிரான்ஸுக்கு எதிராக கோல் போட்ட ராமன் தமிழரா?

சாரங்கபாணி ராமன் மைசூர் அணிக்காரர். ஊர் கேட்டால் சொல்வேன், ஜாதகம் பார்ப்பதில்லை. அந்த ஆட்டத்தில் நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டியும் வீண். பிரான்ஸ் கடைசி நிமிடத்தில் அடித்து 2-1 என்று தப்பித்தது. அணித் தலைவர் நாகா மலைக்காரரான டாக்டர் தாலிமெரன் ஆவ். அவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

ஊட்டி வாசகர்: பீட்டர் தங்கராஜ் நம் வெலிங்டனில் இருந்தவர் என்கிறார்களே?

ஆமாம். பிறந்தது ஹைதராபாத். மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து வெலிங்டனில் ஆடினார். ஆரம்பத்தில் சென்டர் ஃபார்வர்டு, அப்புறம்தான் கோல்கீப்பர். மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் 1955லும் 1958லும் டியூராண்ட் கோப்பை வாங்கியது. 1956, 1960 ஒலிம்பிக் இரண்டிலும் இருந்தார்.

வேறொருவர்: 1950இல் பூட்ஸ் இல்லாமல்…

மேலே படியுங்கள்.

மதுரை வாசகர்: ரஹீம் அப்படி என்னதான் செய்தார்?

இதற்காகத்தான் காத்திருந்தேன். சையது அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இடது கால் வராதவனுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். பலவீனமான காலால் மட்டும் ஆட வேண்டும் என்று தனியாகப் போட்டியே வைப்பார். டிரிப்ளிங் கூடாது என்று இன்னொரு போட்டி. பாஸ் கொடுக்காமல் தனியாவர்த்தனம் செய்யும் பையன் அதில் என்ன ஆவான், யோசித்துப் பாருங்கள். அவர் கையில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1956 மெல்போர்னில் நெவில் டிசோசா ஹாட்ரிக் அடிக்க ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் வந்ததும் இவர் அணிதான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பாருங்கள். இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இருந்த நம் சோந்தி கண்டித்ததால் ஊரே நம் மேல் கோபத்தில் இருந்தது. டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். வேறு கோச் என்றால் உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார்! இறுதிப் போட்டியில் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். அப்போதே ரஹீமுக்குப் புற்றுநோய். 1963 ஜூனில் போய்விட்டார்.

சென்னை வாசகர்: தாத்தா வைத்திருந்த பழைய டீம் போட்டோ ஒன்று இருக்கிறது, விலை போகுமா?

விலை எனக்குத் தெரியாத துறை, பழம்பொருள் வியாபாரியிடம் கேளுங்கள். பின்பக்கம் பென்சிலில் பெயர் எழுதியிருந்தால் அழித்துவிடாதீர்கள். இணையத்தில் பார்த்த படக்குறிப்பைப் புதிதாக எழுதியும் வைக்காதீர்கள்.

வியாசர்பாடி வாசகர்: கடைசியாக ஒன்று ஐயா. 1950இல் போயிருந்தால் ஜெயித்திருப்போமா?

இத்தாலி, ஸ்வீடனிடம் உதை வாங்கியிருப்போம். உள்ளூரில் 70 நிமிட ஆட்டத்துக்குப் பழகியவர்கள், அங்கே 90 நிமிடம் ஓட வேண்டும். ஆனாலும் போயிருக்கலாம்.

திருச்சி வாசகர்: 1951 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் கோல் யார்?

மேவாலால். ஈரானுக்கு எதிராக, 1-0.