இரணைமடுக் கொக்கு வெள்ளைத் திட்டாக விழுகிறதா?

தம்பி, இரணைமடுக் குளத்தில் எடுத்த கொக்குப் படங்களில் இறகே தெரியவில்லை, வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது, கமராவை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்காதீர்கள், அதில் பழுதில்லை. கமரா பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படம் முழுக்கக் கறுத்த தண்ணீர், நடுவில் சின்னதாக ஒரு கொக்கு என்றால், தண்ணீரை வெளுக்கவைக்கப் போய்க் கொக்கை வெறும் வெள்ளையாக எரித்துவிடுகிறது. பிளஸ் மைனஸ் குறி போட்ட பொத்தானை அழுத்தி மைனஸ் 1க்கு இறக்குங்கள். எடுத்ததைத் திரையில் பெரிதாக்கிக் கழுத்தைப் பாருங்கள். இறகு இழை இழையாகப் பிரிந்து தெரியும் வரை இன்னும் கொஞ்சம் இறக்கலாம். இருண்ட இடத்தைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கலாம், முழுக்க எரிந்த வெள்ளையை மீட்க முடியாது.

கொக்கு பறக்கும்போது படம் கலங்கினால், ஷட்டர் திறந்து மூடும் வேகம் 1/1000 நொடியை விட மெதுவாக இருக்கக் கூடாது. அதற்காக ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்திறன்) 800 ஆனாலும் பரவாயில்லை.

அப்புறம், பத்து மணி வெயிலில் போகாதீர்கள். காலை ஏழு மணிக்கே போய், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கக் கரையில் குந்துங்கள். உங்கள் மூன்றாவது படத்தைக் குளக்கட்டின் மேல் நின்றபடி எடுத்திருக்கிறீர்கள். தண்ணீர் மட்டத்துக்குக் குந்தியிருந்தால் கொக்கின் கண் நேரே தெரிந்திருக்கும். அதையே மறுபடி எடுத்துப் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.