ராடானின் குதிரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு நாற்பத்தாறு வயது. விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன் ‘எல்டன் ரிங்’ என்ற வீடியோ கேமை எனக்குப் பழக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். நான் நிறுத்தவில்லை. பத்து நாட்களாக மார்கிட் என்ற ஒருவனிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன். முப்பது தடவைக்கு மேல் இருக்கும். ஆனால் அவன்மேல் கோபமே வரவில்லை. அலுவலகத்தில் கோப்பைப் புரட்டும்போதுகூட அவன் கைத்தடியை ஓங்கும் விதம்தான் கண்முன் வருகிறது. நீங்களும் இதை ஆடியதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எதிரிகள் கூட்டம் கூட்டமாக வரும் விளையாட்டுகள் எத்தனையோ இருக்க, இதில் வருகிறவர்கள் மட்டும் ஏன் இப்படி மனதில் உட்கார்ந்துகொள்கிறார்கள்? உங்களால் மறக்க முடியாத எதிரி யார்? ராடானின் கதையை மருமகன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். மற்றவர்களைப் பற்றித் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

மார்கிட் கைத்தடியை ஓங்குவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் அதிலிருந்தே தொடங்குகிறது. அவன் தடியைத் தூக்கியதும் நம் விரல் தன்னால் பொத்தானை அழுத்தி உருண்டுவிடுகிறது. அவனோ தூக்கிய தடியோடு அப்படியே நிற்கிறான். நாம் உருண்டு எழும் நேரம் பார்த்து அடி இறங்குகிறது. சரி, தள்ளிப் போய் ஒரு வாய் மருந்து குடிக்கலாம் என்று சிவப்புக் குடுவையை எடுத்தால், ஒளிக்கத்தி பறந்து வருகிறது. நம் அவசரத்தையும் பயத்தையும் அவன் படித்து வைத்திருக்கிறான். பதிலுக்கு நாமும் அவனைப் படிக்க வேண்டியிருக்கிறது. எந்தத் தோள் முதலில் அசைகிறது, எந்த அடிக்குப் பிறகு அவனுக்கு மூச்சு வாங்குகிறது என்றெல்லாம். ஒருவனை முப்பது தடவை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தால் அவன் மனதில் தங்காமல் என்ன செய்வான்?

ஆனால் அடி கடுமையாக விழுவது மட்டும் போதாது. கடினமான விளையாட்டுகள் ஏராளம், அவற்றின் எதிரிகள் பலருடைய முகம்கூட எனக்கு நினைவில்லை. இங்கே முதலில் அந்த நிலம் துணை நிற்கிறது. தொடக்கக் குகையிலிருந்து லிம்கிரேவின் பச்சைப் புல்வெளிக்கு வெளியே வந்ததும் நீங்கள் யாரைப் பார்த்தீர்கள்? பொற்கவசம் பூண்டு, கவசமிட்ட குதிரைமேல், அந்தச் சிறு தேவாலயத்திற்குப் போகும் வழியில் ரோந்து வரும் ட்ரீ சென்டினலை. விளையாட்டின் முதல் எதிரி என்று நினைத்து நான் நேராகப் போய் நின்றேன். இரண்டே அடி. மறுபடியும் போனேன், மறுபடியும் அதேதான். அன்று இரவு முழுவதும் அவனிடமே போனது. அவனைச் சுற்றிக்கொண்டு மரங்களுக்கு நடுவே போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தபோது கிடைத்த மகிழ்ச்சி அவனை வென்றபோது கிடைத்ததைவிடப் பெரியது. டாரன்ட் என்ற குதிரை கிடைத்து, வாளும் உடலும் தேறி, பல நாள் கழித்துத் திரும்பி வந்தேன். அதே வழியில், அதே நடையில் அவன் ரோந்து போய்க்கொண்டிருந்தான். எனக்குப் பழைய ஊருக்குத் திரும்பி வந்ததுபோல இருந்தது.

அறைக்குள் பூட்டி வைத்து மோதவிடும் எதிரியோடு இந்த உறவு வராது. விலகிப் போகவும், தயாராகி வரவும், தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே கடந்து போகவும் இடம் வேண்டும். திறந்த உலகம் என்று சொல்லப்படும் பல விளையாட்டுகளில் வரைபடம் முழுக்க வேலைப் பட்டியல்தான் இருக்கிறது. இதிலோ நம் பயத்திற்கும் ஆசைக்கும் ஏற்பத்தான் வழி விரிகிறது.

இனி ராடான். அவனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மருமகன் சொல்லிவிட்டதால் தயங்காமல் எழுதுகிறேன்.

அவனுடைய நிலமான கேலிட்டுக்கு நான் தவறிப்போய்த்தான் முதலில் சேர்ந்தேன். லிம்கிரேவின் ஏரிக்கு நடுவே ஓர் இடிபாடு இருக்கிறது. அதன் நிலவறையில் ஒரு பெட்டி. திறந்தேன், புகை சூழ்ந்தது, கண் திறந்தபோது எங்கோ ஒரு சுரங்கத்திற்குள் கிடந்தேன். பூச்சி போன்ற உருவங்கள் துரத்த, சுவரோரமாக ஊர்ந்து வெளியே வந்தால் வானமே சிவந்து கிடக்கிறது. மண் அழுகியிருக்கிறது. நாயும் காகமும் ஆளைவிடப் பெரிதாக வளர்ந்து நிற்கின்றன. இந்த நிலத்திற்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமலேயே உடம்பு கூசியது. பிறகுதான் துண்டு துண்டாகத் தெரிந்தது: மலேனியா என்ற வீராங்கனையும் ராடானும் இங்கேதான் மோதினார்கள். யாரும் வெல்லாத போரில் அவள் தன் உடலில் இருந்த செந்நிற அழுகலை மலரவிட்டாள். அது நிலத்தைத் தின்றது, ராடானின் புத்தியையும் தின்றது. அன்றிலிருந்து அந்த மாவீரன் நண்பன், பகைவன் என்ற பேதமில்லாமல் பிணங்களைத் தின்றுகொண்டு மணல்வெளியில் அலைகிறான்.

அவனுடைய ஆட்கள் இப்போது அவனுக்காக ஒரு விழா எடுக்கிறார்கள். வீரர்களை அழைத்து, அவன் கையில் ஆயுதத்தோடு சாகட்டும் என்று நடத்துகிற விழா. தலைவனின் மேல் அத்தனை அன்பு வைத்தவர்கள்தான் அவனைக் கொல்ல ஆள் சேர்க்கிறார்கள். ரெட்மேன் கோட்டை முற்றத்தில் அந்த வீரர்கள் ஆளுக்கொரு மூலையில் காத்து நிற்பதைப் பார்த்தபோது, எங்கள் ஊர்ப்பக்கம் பெரிய சாவுக்கு வந்து கூடுகிறவர்களின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

போர் தொடங்கியதும் அடிவானத்திலிருந்து ஈட்டி போன்ற அம்புகள் வருகின்றன. மணலில் மின்னும் குறிகளைத் தொட்டு மற்ற வீரர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டே ஓட வேண்டும். அருகில் போய்ப் பார்த்தால் மலை போன்ற உடல், இரண்டு பெருவாள்கள், அந்த உடலுக்குக் கீழே ஏறத்தாழ மறைந்துபோன ஒரு நோஞ்சான் குதிரை. அந்தக் குதிரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பூதம் இந்தக் குதிரையில் எப்படி ஏறியது என்று கேட்கத் தோன்றியது. பாதி உயிர் போனதும் அவன் வானத்தில் மறைந்து, எரிகல்லாகத் திரும்ப விழுந்தான். பதினேழாவது முறையில் வென்றேன். வென்றதற்குப் பரிசாகக் கையில் வந்த நினைவுச்சின்னத்தின் குறிப்பைத் திறந்து படித்தேன். ராடான் இளமையில் செல்லியா என்ற நகருக்குப் போய் ஈர்ப்புவிசை மந்திரத்தைக் கற்றானாம். தன் உடல் வளர்ந்துகொண்டே போனாலும், தனக்குப் பிரியமான அந்த மெலிந்த குதிரையை விட்டுவிட நேரக்கூடாது என்பதற்காக.

கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். புத்தி அழிந்து, பெயரே மறந்து அலைகிறவன் அந்தக் குதிரையின் மேல் தன் எடை இறங்காமல் பார்த்துக்கொள்வதை மட்டும் மறக்கவில்லை. நான் சிரித்த காட்சி, அவன் வாழ்நாளெல்லாம் காத்த அன்பு. நட்சத்திரங்களின் ஓட்டத்தையே தடுத்து நிறுத்தியவன் என்று அந்த உலகம் அவனைக் கொண்டாடுகிறது. அந்த வித்தையை அவன் எதற்காகக் கற்கத் தொடங்கினான் என்பது இரண்டு வரிக் குறிப்பில் கிடக்கிறது. படிக்காமல் தாண்டிப் போகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இப்படிக் கதையைச் சிதறிப் போட்டு வைப்பது, இதை இயக்கிய ஹிடேடாகா மியாசாகியின் வழக்கம். ஜப்பானின் ஷிசுவோகாவில் வசதியில்லாத வீட்டில் வளர்ந்தவர் அவர். சிறுவனாக நூலகத்துப் புத்தகங்களைப் படிக்கும்போது புரியாத இடங்களைப் படங்களைப் பார்த்துத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். இருபத்தொன்பது வயதில்தான், சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, இந்த விளையாட்டை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்தார். 2022 பிப்ரவரியில் வந்த இந்த விளையாட்டின் பழங்கதைகளுக்கு அடித்தளம் எழுதிக் கொடுத்தவர் நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். ஆனால் அந்தக் கதைகளை உடைத்து, வாளிலும் மோதிரத்திலும் எதிரியின் நடையிலும் ஒளித்து வைத்த கை அந்த நூலகத்துச் சிறுவனுடையது என்றே எனக்குப் படுகிறது.

குறை இல்லாமல் இல்லை. குகைகளிலும் கல்லறைகளிலும் சில பெரிய எதிரிகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். முதல் சந்திப்பில் நெஞ்சை அடைக்கவைத்த ஓர் உருவம் ஐந்தாவது முறை வரும்போது வெறும் தடையாகச் சுருங்கிவிடுகிறது. ட்ரீ சென்டினலைக்கூட வேறோர் இடத்தில் இரட்டையாகப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அவன் ஒருவனாகவே இருந்திருக்கலாம்.

உங்கள் மார்கிட்டைப் பற்றி நீங்கள் கேட்டுக்கொண்டபடி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவன்மேல் கோபம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். இப்போதைக்கு அவனை விட்டுவிட்டுத் தெற்கே போங்கள். பாலத்தைத் தாண்டினால் எப்போதும் மழை தூறும் ஒரு தீபகற்பம் இருக்கிறது. அங்கே ஒரு வாரம் சுற்றுங்கள், குடுவையைப் பலப்படுத்த வேண்டியவை கிடைக்கும். திரும்பி வரும்போது அவன் அதே வாசலில் நிற்பான். தடியை ஓங்கியதும் உடனே உருளாமல், மனதுக்குள் ஒன்று எண்ணிவிட்டு உருளுங்கள். வென்ற அன்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்