வெள்ளி முலாம் பூசிய பழைய ஸ்பூன், முள்கரண்டி, டீபாட்டின் தரத்தையும் மதிப்பையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். முலாம் பூசிய சாமான் வெள்ளி விலைக்குப் போகாது. அதில் இருக்கும் வெள்ளி, பிரித்தெடுக்கும் செலவுக்கே பெரும்பாலும் கட்டாது. அது எந்த அளவுக்கு நல்ல நிலையில் இருக்கிறதோ, அதைப் பொறுத்துதான் விலை.

ஸ்பூனைத் திருப்பிப் பாருங்கள். இ.பி.என்.எஸ். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் என்று பொருள். நிக்கல் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளி துளியும் கிடையாது. ஸ்டெர்லிங் என்றோ 925 என்றோ இருந்தால் பொதுவாக அது முலாம் இல்லை, உள்ளேயும் வெள்ளிதான், கணக்கே வேறு. அதிகம் பேர் ஏமாறுவது ஜெர்மன் சாமான்களில் வரும் 90 என்ற எண்ணில்தான். 90 சதவீதம் வெள்ளி என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. உண்மையில் ஒரு டஜன் ஸ்பூனுக்கும் ஒரு டஜன் முள்கரண்டிக்கும் சேர்த்துப் பூசிய வெள்ளி 90 கிராம், அவ்வளவுதான்! ஒன்றுக்கு நான்கு கிராம்கூட வராது. அதே ஜெர்மன் சாமானில் 800 என்று இருந்தால் அது நிஜ வெள்ளி.

முத்திரையைவிடத் தேய்மானத்துக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். ஸ்பூனை மேசையில் வைத்தால் குழிவின் அடிப்புறம் எங்கே படுகிறதோ, பூச்சு முதலில் போவது அங்கேதான். முள்கரண்டியில் முள் முனைகள், தட்டில் விளிம்பு. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளி வெண்மையாகப் பளிச்சிடும். பூச்சு போன இடம் மங்கிய மஞ்சள் சாம்பலாகத் தெரியும், அடியில் செம்பு என்றால் சிவப்பு எட்டிப் பார்க்கும். கறுத்துப்போயிருப்பது குறையே இல்லை. அது காற்றிலுள்ள கந்தகம் செய்கிற வேலை, எடுத்துவிடலாம். கொப்புளமும் சிறு குழிகளும்தான் கவலை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

விற்பதற்கு முன் பாலிஷ் போட்டு மினுக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளி துணியோடு போய்விடும். மறுபடி முலாம் போடலாமா என்றால், சாதாரண செட்டுக்குப் போடும் செலவு அதன் விலையையே தாண்டிவிடும். செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் இணைத்துச் செய்த பழைய ஷெஃபீல்ட் சாமான் கையில் இருந்தால் முலாம் பக்கமே போகாதீர்கள். 1840இல் எல்கிங்டன் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்குவதற்கு முந்தைய தொழில்நுட்பம் அது. சேகரிப்பவர்கள் அதை இருக்கிறபடியே விரும்புகிறார்கள்.

கத்தியைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். பல கத்திகளின் பிடி உள்ளே வெற்றுக்கூடாக இருக்கும். கெட்டிப்பிசின் வைத்து அலகைச் செருகியிருப்பார்கள். வெந்நீரில் ஊறினால் அது இளகும், அப்புறம் கடகடவென்று சத்தம் கேட்கும். டீபாட்டில் மூடிக் கீலையும் மூக்கு ஒட்டிய இடத்தையும் பார்த்தால் போதும். யாருடையதோ பெயரெழுத்து பொறித்திருந்தால் விலை கொஞ்சம் குறையும். அதைச் சுரண்டி அழித்திருந்தால் இன்னும் மோசம், அங்கே பூச்சே இருக்காது.

விலை தேடும்போது, இணையத்தில் விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். ஒரே டிசைனில் முழு செட் என்றால் பேரம் பேசலாம். உதிரியாக நாலைந்து ஸ்பூன் என்றால் நீங்களே தினம் பயன்படுத்துங்கள்.