சிங்கப்பூரில் நல்ல சம்பளம் வாங்கும் கிறிஸ்தவர் எளிமையாக வாழ வேண்டுமா? தசமபாகம் போதாதா?

"வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது தசமபாகத்தை, தவறாமல் கொடுக்கிறேன். மீதிப் பணத்தில் வசதியாக வாழ்ந்தால் என்ன, எளிமை கட்டாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் இல்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். ஆனாலும் நான் ஏன் எளிமையின் பக்கம் போனேன் என்று சொல்கிறேன். நான் போதகர் இல்லை; ஈசூன் வட்டாரத்தில் நான்கறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் குடியிருந்துகொண்டு, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.

முதலில் தசமபாகம். இங்கே நாலு விசுவாசிகள் கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் வருகிற வாக்குவாதம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். சம்பளத்தில் 20 விழுக்காடு கைக்கே வராமல் மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்புக்குப் போகிறது, முதலாளி தன் பங்குக்கு 17 விழுக்காடு போடுகிறார், அப்படியானால் பத்தில் ஒன்று எதில்? நானும் வருடக்கணக்காக இதில் வாயாடியிருக்கிறேன். கணக்குப்பிள்ளை புத்தி. சபைக் காணிக்கைக்கு வரிக்கழிவு இல்லை, அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புக்குக் கொடுத்தால் கொடுத்ததைப்போல் இரண்டரை மடங்கு கழிவு உண்டு என்று தெரிந்த வருடம், ஆண்டவர் பங்கை அந்தப் பக்கம் திருப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சிரிக்காதீர்கள்.

அப்புறம் மெதடிஸ்ட் சபைக்குப் போக ஆரம்பித்தபோது அந்தச் சபைப் பிரிவைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கணக்கு காதில் விழுந்தது. பணத்தைப் பற்றி 1760-ல் அவர் அச்சிட்ட பிரசங்கத்தின் சாரம் இது: முடிந்த மட்டும் சம்பாதி, முடிந்த மட்டும் மிச்சம் பிடி, முடிந்த மட்டும் கொடு. முதல் இரண்டையும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மூன்றாவதை அவர் செய்த விதம்தான் விசேஷம். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது வருடத்துக்கு 30 பவுண்ட் வருமானம். 28-ல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது. செலவு அதே 28, கொடுத்தது 32. பிறகு 90, கொடுத்தது 62. அதன் பிறகு 120, கொடுத்தது 92. பத்தில் ஒன்று என்று நிறுத்திக்கொண்டால் சம்பளம் ஏற ஏற நம் ஒன்பதும் கூடவே ஏறுகிறது, நமக்கு ஒன்றும் உறைப்பதில்லை. மனுஷன் செலவைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கிறார். (அப்போது அவருக்குக் குடும்பம் இல்லை, பிள்ளைகளுக்கு டியூஷன் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

எங்கள் வீட்டில் செய்வது அதன் சின்ன நகல். ஜனவரியில், போனஸ் கைக்கு வருவதற்கு முன்பே, வருடத்துக்கு இவ்வளவுதான் செலவு என்று ஒரு தொகை எழுதிவிடுவோம். பணம் வந்த பிறகு எழுதினால் அந்தத் தொகை தானாக வளர்ந்துவிடும். கார் அந்தப் பட்டியலில் இல்லை. 2023 அக்டோபரில் பெரிய கார்களின் சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கவேண்டிய உரிமைச் சான்றிதழ்) மட்டுமே 150,000 வெள்ளியைத் தாண்டியது, அதுவும் பத்து வருடத்துக்குத்தான். என் வீட்டுக்காரர் இன்னும் பழைய கார் விளம்பரங்களைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

ஆனால் எளிமையில் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. சபைக்கு வரும் தம்பி ஒருவன், வொர்க் பெர்மிட்டில் இருப்பவன், ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று 300 வெள்ளி கேட்டான். நான் இருபது நிமிடம் அவனுக்குச் செலவுக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன். "சரிக்கா, நன்றிக்கா" என்று போய்விட்டான். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் "போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்ற வசனம் ஒட்டியிருக்கும். அதன் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் கேட்டார்: "அவன் 300 வெள்ளி கேட்டான். நீ என்ன குடுத்தே?"

மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். கூடத் தங்கியிருக்கிற ஆறு பேர் ஆளுக்கு ஐம்பது போட்டு ஏற்கெனவே அனுப்பிவிட்டார்களாம். அந்த ஆறு பேரில் நாலு பேர் கிறிஸ்தவர்களே இல்லை.

தமிழ்நாட்டில் எங்கள் ஊரான நாசரேத்தில் என் அம்மா உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள், ஆலயத்துக்கு. எடுத்த பிடிக்குப் பதிலாக வேறு அரிசி போட்டுச் சரிக்கட்ட மாட்டாள். அன்றைக்கு எங்களுக்கு அவ்வளவு குறைவுதான். இப்போது என் வங்கிக் கணக்கில் 'பிடியரிசி' என்று ஒன்று தனியாக இருக்கிறது. சம்பள நாளன்றே அதில் பணம் போய்விடும், தசமபாகம் வேறு. யாராவது கேட்டால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்போம். அறிவுரை சொல்லக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட சட்டம். இதுவரை இரண்டு முறை மீறியிருக்கிறேன்.