மருத்துவச்சி இல்லாத ஊர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்க விமானத் தாக்குதலில் 42 பேரைப் பலிகொடுத்த மருத்துவமனையைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பல ஆண்டுகளாக மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். ஆகவே என் மனம் அந்தப் பெரிய மருத்துவமனையைவிட, அதைச் சுற்றியுள்ள கிராமங்களையே நினைத்துக்கொண்டிருந்தது. போர் நடக்கும் நாட்டில் ஆரம்ப சுகாதாரம் என்பது நடைமுறைக்கு ஒத்துவராத ஆசை என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலில் அமைதி வரவேண்டும். சாலை, கட்டடம், மருத்துவர் எல்லாம் அதன் பிறகுதான். அங்கே 2021 ஆகஸ்டுடன் சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. அப்படியானால் நகரத்தவருக்கும் மலைக்கிராமத்தவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு இனி மெல்லக் குறையத்தானே வேண்டும்? நிலைமை மோசமாகிறது என்று நீங்கள் எழுதுவது ஏன்?

ஆர்., தர்மபுரி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்வியில் இருக்கும் உண்மையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சண்டை ஓய்ந்ததனால் பல மாவட்டங்களில் சாலைகள் திறந்தன. கண்ணிவெடிக்கும் இருதரப்புச் சோதனைச் சாவடிகளுக்கும் அஞ்சி இரவில் வாசலைத் தாண்டாமலிருந்த குடும்பங்கள், இன்று வலி கண்ட பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட முடிகிறது. வீடுவீடாகச் சென்று போலியோ சொட்டு மருந்து கொடுப்பதைத் தாலிபான்கள் 2018இலிருந்து தங்கள் வசமிருந்த பகுதிகளில் தடுத்துவைத்திருந்தார்கள். 2021 நவம்பரில்தான் அந்தக் குழந்தைகளில் பலரைச் சொட்டு மருந்து மீண்டும் சென்றடைந்தது. இவையெல்லாம் சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் அமைதி முதலில், ஆரம்ப சுகாதாரம் பிறகு என்னும் உங்கள் வரிசை அந்த நாட்டின் அனுபவத்தோடு பொருந்தவில்லை. அங்கே ஆரம்ப சுகாதாரம் கட்டியெழுப்பப்பட்டது போரின் நடுவில். அதன் அடித்தளம் உடையத் தொடங்கியது துப்பாக்கி ஓய்ந்த பிறகு.

2002இல் ஆப்கானிஸ்தானின் நான்கு மாவட்டங்களில் பேறுகால மரணங்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்பது கணக்கு. காபூல் நகரில் 418. லக்மான் மாகாணத்தின் அலிஷெங்கில் 774. காந்தகாரின் மைவாந்தில் 2,182. வடகிழக்கில் படக்‌ஷான் மாகாணத்தின் ராக் மாவட்டத்தில் 6,507. இந்த எண்களை முதன்முதலில் பார்த்தபோது கடைசி எண் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இத்தனைக்கும், தொண்ணூறுகளின் முதல் பாதியில் ராக்கெட் வீச்சில் தெருத்தெருவாக இடிந்து விழுந்த நகரம் காபூல். படக்‌ஷானையோ தாலிபான்கள் 2001 வரை கைப்பற்றவே இல்லை. குண்டு அதிகம் விழுந்த இடத்தில்தான் சாவும் அதிகம் என்றிருந்தால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ராக்கில் பெண்களைக் கொன்றது தொலைவு. மாதக்கணக்கில் பனி மூடும் மலைப்பாதை, அதன் முடிவில் மருத்துவமனை உண்டா என்ற நிச்சயமின்மை, ஊரில் பிரசவம் பார்க்கக் கற்ற ஒருவரும் இல்லாமை ஆகியவை சேர்ந்த தொலைவு அது.

மருந்தாளுநரான உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை என்றாலும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிரசவத்திற்குப் பின் கருப்பை சுருங்காமல் உதிரம் பெருகினால், ஆரோக்கியமாக இருந்த பெண்கூட இரண்டு மணி நேரத்திற்குள் இறந்துபோகலாம். அதைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்துக் காக்க வேண்டும். அதற்கு மின்சாரம் அல்லது சூரியசக்தியில் ஓடும் குளிர்பெட்டி வேண்டும். போட ஒரு கை வேண்டும். குளிர்பெட்டிக்கு வழியில்லாத ஊர்களுக்கு மிசோபிராஸ்டால் மாத்திரை இருக்கிறது. ஆப்கான் கிராமங்களில், கர்ப்பிணிகளிடம் அதை முன்கூட்டியே கொடுத்து, குழந்தை பிறந்தவுடன், இன்னொரு குழந்தை வயிற்றில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு விழுங்கும்படி சொல்லிவைத்தார்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்து, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசி, இதைப் புரியவைக்க இன்னொரு பெண்ணால் மட்டுமே முடியும். நான் சொல்ல வருவதன் மையம் இந்த ஒரு நிபந்தனைதான். இதை விட்டுவிட்டுக் கட்டடங்களை எண்ணிக்கொண்டிருந்தால் அந்த நாட்டின் சுகாதாரம் புரியாது.

2003இல் ஆப்கான் சுகாதார அமைச்சகம் ஒரு கடினமான முடிவை எடுத்தது. எல்லாருக்கும் எல்லாம் என்று வாக்களிக்காமல், எந்த மாவட்டமானாலும் கிடைத்தே தீரவேண்டிய அடிப்படைச் சேவைகள் இவை என்று ஒரு தொகுப்பை வகுத்தது: தாய்சேய் நலம், தடுப்பூசி, ஊட்டச்சத்து, காசநோய், மலேரியா முதலியவை. ஊர் மட்டத்தில் ஒரு சுகாதாரச் சாவடி. அதில் 100 முதல் 150 குடும்பங்களுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு தன்னார்வப் பணியாளர்கள். அதற்கு மேலே படிப்படியாகச் சுகாதார நிலையங்களும் மாவட்ட மருத்துவமனையும். உலக வங்கி, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய மூன்றும் மாகாணங்களைப் பங்கிட்டுக்கொண்டு பணம் கொடுத்தன. சேவையை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தமாக விடப்பட்டது. முன்களம் மாதத்துக்கு மாதம் நகர்ந்தபோதும், அரசுப் பகுதியிலும் தாலிபான் பகுதியிலும் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி அதே நிலையத்தை நடத்திக்கொண்டிருக்க இந்த ஏற்பாட்டினால் முடிந்தது.

ஆனாலும் இந்தத் திட்டத்தின் உயிர் மருத்துவச்சிப் பயிற்சியில்தான் இருந்தது. நகரத்தில் படித்த செவிலியர்கள் மலைக்குப் போகமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான், போனாலும் தங்கமாட்டார்கள். ஆகவே மருத்துவச்சி தேவைப்படும் ஊரிலேயே ஓரளவு படித்த பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுடைய குடும்பமும் ஊராரும் சம்மதிக்கவேண்டும். படிப்பு முடிந்ததும் அவள் அதே ஊருக்குத் திரும்பவேண்டும் என்பது பேச்சு. முதலில் 18 மாதங்கள், பின்னர் இரண்டாண்டுகள் என்று மாகாணத் தலைநகரில் விடுதியில் தங்கிப் படித்தார்கள்; கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. இவ்வாறு ஆயிரக்கணக்கான பெண்கள் உருவானார்கள். 2002 ஆய்வை வைத்து நாடு முழுமைக்கும் கணக்கிட்ட பேறுகால மரண விகிதம் 1,600. 2020க்கு ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மதிப்பிட்டது 620. இரண்டும் வெவ்வேறு முறையில் கணக்கிடப்பட்டவை என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட முடியாது. இருந்தாலும் அந்த இறக்கம் உண்மையானது. அது நடந்த காலம் முழுக்கப் போர்க்காலம்.

அந்த ஏற்பாட்டைக் குறையற்றதென்று சொல்லமாட்டேன். ஆரம்ப நிலையங்களில் கட்டணம் 2008இல் நீக்கப்பட்டபோதும், நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு மக்களின் மடியிலிருந்தே போனது. அனைத்தையும்விடப் பெரிய குறை, ஊதியம் முழுக்க வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருந்தது. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் காபூலுக்குள் நுழைந்ததும் உலக வங்கி பணத்தை நிறுத்தியது. நாடெங்கும் செவிலியர்களும் மருத்துவச்சிகளும் மாதக்கணக்கில் சம்பளமின்றி வேலை பார்த்தார்கள். பிற அமைப்புகள் இடைக்காலமாகக் கைகொடுத்ததால் அன்று அது முற்றாக விழவில்லை. 2025இல் அமெரிக்க நிதி வெட்டப்பட்டபோது, மார்ச் தொடக்கத்திற்குள்ளாகவே 167 நிலையங்கள் மூடப்பட்டன. ஆட்சியாளர்களைத் தண்டிப்பதாக எண்ணி நிறுத்தப்படும் பணம் முதலில் போய்ச் சேராமல் நிற்பது ராக் போன்ற மாவட்டங்களில்தான் என்பதை நன்கொடை நாடுகள் அறியாமலில்லை. அறிந்தே செய்வதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆட்சியாளர்கள் செய்வது இதைவிட ஆழமான கேடு. பணம் மீண்டும் வரக்கூடும். பயிற்சி பெறாத ஒரு தலைமுறையைப் பின்னர் ஒரே நாளில் உண்டாக்க முடியாது. மஹ்ரம் எனப்படும் நெருங்கிய ஆண் உறவினர் துணையின்றிப் பெண் நெடுந்தொலைவு பயணம் செய்யக்கூடாது என்பது விதி. கணவன் ஈரானில் கூலிவேலையில் இருக்கும் பெண்ணும் கைம்பெண்ணும் மருத்துவரைப் பார்க்க யாரை அழைத்துப் போவார்கள்? பணிக்குச் செல்லும் மருத்துவச்சிக்கும் அதே விதி. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மூடப்பட்டன. அதே மாதத்தில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் பணிபுரியத் தடை வந்தது, சுகாதாரப் பணிக்கு நடைமுறையில் விலக்கு கிடைத்தது. எஞ்சியிருந்த ஒரே வழியாக மருத்துவச்சி, செவிலியர் படிப்புகளில் பெண்கள் சேர்ந்தார்கள். 2024 டிசம்பரில் அதையும் மூடினார்கள். வகுப்பறைகளிலிருந்து மாணவிகள் அழுதுகொண்டும் சேர்ந்து பாடிக்கொண்டும் வெளியேறும் காணொளிகளைப் பார்த்தேன். பெண்ணைப் பெண் மருத்துவரே பார்க்கவேண்டும் என்று கேட்கும் சமூகத்தில், அப்படிப் பார்க்கக்கூடிய பெண் உருவாவதைத் தடுப்பதற்கு என்ன பொருள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்தத் தடையின் விளைவு இன்றைய கணக்குகளில் முழுமையாகத் தெரியாது. ஏற்கெனவே பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நிலைமை அப்படியே இருப்பதுபோலத் தோன்றுகிறது. 2021இல் ஆறாம் வகுப்பில் இருந்த ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளியை ஆட்சியாளர்கள் மூடாமலிருந்தால் அவள் 2027இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருப்பாள். இரண்டாண்டுப் பயிற்சி பெற்று 2029இல் தன் ஊருக்குத் திரும்பியிருப்பாள். அவள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டிய மருத்துவச்சிக்கு அப்போது வயது ஐம்பதைக் கடந்திருக்கும், மலையேறுவது கடினமாகியிருக்கும். சாலை திறந்திருக்கலாம், சோதனைச் சாவடி இல்லாமலிருக்கலாம். அந்த ஊரில் அன்று வலி காணும் பெண்ணுக்கு ஆக்ஸிடோசின் ஊசியைப் போட யார் இருப்பார்கள் என்று கேட்டுத்தான் நிலைமை மோசமாகிறது என்று எழுதினேன்.