ஐந்து வீடு பில்டருக்கு, ஆறாவது பத்திரம் யார் கணக்கில்?

கேள்வி: திருச்சி தில்லைநகரில் அப்பா கட்டிய வீடு, மனை 5,400 சதுர அடி. தங்கை 2021-ல் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்த பிறகு, 2022 மார்ச்சில் ஒரு பில்டரோடு பாதிக்குப் பாதி என்று கூட்டு ஒப்பந்தம் போட்டேன். பவரும் (என் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) பதிவு செய்து கொடுத்தேன். ஜூனில் பிளான் அனுமதி வந்தது. ஸ்டில்ட் போக ஐந்து தளம், ஒரே அளவில் பத்து வீடு. அனுமதியிலிருந்து 24 மாதம், மேற்கொண்டு 6 மாதம் சலுகை. நான்காம் தளக் கூரையோடு வேலை நின்றுவிட்டது. மாதம் 15,000 வாடகை தருவதாகச் சொன்னவர் 14 மாதமாகத் தரவில்லை. அம்மா வைத்த மாமரத்தைத் தொடமாட்டேன் என்றவர் முதல் நாளே வெட்டினார். போன் எடுப்பதில்லை, ஆபீஸுக்குப் போனால் மரியாதை இல்லை. தங்கை இப்போது பங்கு கேட்கிறாள். வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் ஆறு பேருக்குப் பதிவாகியிருக்கிறது. பவரை ரத்து செய்து, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, கேட்டைப் பூட்டு என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: பூட்டாதீர்கள்.

மாமரத்துக்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. தங்கை எழுதியது பதிவான விடுதலைப் பத்திரம் என்றால் அந்தக் கதை 2021-லேயே முடிந்துவிட்டது. வாடகை பாக்கி 2,10,000 ரூபாய், கடைசிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நான்கு பக்கக் கடிதத்தில் வழக்கைத் தீர்மானிக்கப்போவது நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன விஷயம்: ஆறு பேருக்குப் பதிவாகியிருக்கிறது.

பத்து வீட்டில் பாதி ஐந்து. 5,400 சதுர அடியில் பாதி 2,700. சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 540 சதுர அடி யூடிஎஸ் (மனையில் பிரிபடாத பாகம்). பில்டர் உங்கள் பவரை வைத்து விற்கக்கூடியது ஐந்து பத்திரம், 2,700 சதுர அடி, அவ்வளவுதான். ஆறு போயிருந்தால் உங்கள் வீடுகளில் ஒன்று போய்விட்டது என்று பொருள். அந்த ஆறு பத்திரத்திலும் விற்பவராக எழுதியிருப்பது உங்கள் பெயர். பில்டர் அதில் வெறும் பவர் ஏஜென்ட்.

ஈசி-யில் (வில்லங்கச் சான்றில்) வரிகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். வீடு வாங்கியவர் தன் வங்கிக் கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைத்த பதிவும் அதே ஈசி-யில் தனி வரியாக வரும். அதை விற்பனை என்று எண்ணி அலறுபவர்கள் உண்டு. ஆறு பத்திரத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, ஒவ்வொன்றிலும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று கூட்டிப் பாருங்கள். கூடவே ஆறு கட்டுமான ஒப்பந்தங்களின் நகலும் வேண்டும். எந்தத் தளத்தில் எந்த வீடு என்பது அதில்தான் இருக்கும். சில பில்டர்கள் ஆளுக்கு 450 வீதம் எழுதி, ஆறு வீட்டையும் 2,700-க்குள் அடக்கிவிடுவார்கள். அப்படியானால் மண் கணக்கு சரியாக இருக்கும், வீட்டுக் கணக்கில்தான் ஒன்று குறையும். அது வேறு வழக்கு.

அடுத்து உங்கள் பவரை எடுங்கள். விற்கும் அதிகாரம் தரும் பத்தியில் என்ன வாசகம் இருக்கிறது? ‘பில்டரின் பங்கான 50 சதவீதத்தை’ என்று இருந்தால் நீங்கள் பலமாக நிற்கிறீர்கள். பவர் பதிவான ஆவணம். வாங்குபவர் அதைப் படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை என்று தப்பிக்க முடியாது. எல்லை மீறிய விற்பனை உங்களைக் கட்டாது என்று வாதிடலாம். ‘ஷெட்யூல் சொத்தை முழுவதுமோ பகுதியாகவோ’ என்று இருந்தால் நிலைமை தலைகீழ். பாதிக்குப் பாதி என்பது உங்களுக்கும் பில்டருக்கும் இடையே உள்ள ஏற்பாடு. பவரை நம்பிப் பணம் கொடுத்தவரை அது கட்டாது. ஆறாவது ஆள் வீட்டை வைத்துக்கொள்வார், நீங்கள் பில்டரிடம் பணம் கேட்டு அலைவீர்கள். அச்சடித்த மாதிரிப் படிவத்தை நிரப்பிய பவர்களில் இரண்டாவது வாசகம்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் வெறும் சதவீதத்தைப் போட்டுவிட்டு, பிளான் வந்த பிறகு எந்தக் கதவு எண் யாருக்கு என்று பங்கீட்டு ஒப்பந்தம் பதியாமல் விட்டதும் இங்கேதான் கடிக்கும்.

இனி நண்பரின் யோசனை. ஏஜென்டுக்கே சொத்தில் உரிமை இருக்கும் பவரை அவர் உரிமைக்குக் கேடு வரும்படி ரத்து செய்ய ஒப்பந்தச் சட்டம் 202-ஆம் பிரிவு விடாது. பவரை வைத்து ஏற்கெனவே நடந்துவிட்ட காரியத்தை ரத்து தொடாது என்கிறது 204. அதாவது ரத்துப் பத்திரம் ஒரு விற்பனையைக்கூடத் திரும்பக் கொண்டுவராது. ஆனால் மாநகராட்சி, மின்வாரியம், கட்டட முடிவுச் சான்று என்று பில்டர் உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் வேலை எல்லாம் நின்றுபோகும். மறுநாளே ‘நில உரிமையாளர் தடுத்துவிட்டார், அதனால்தான் தாமதம்’ என்று பதில் நோட்டீஸ் வரும். அதுவரை ஒப்பந்தத்தை மீறியவர் அவர், பூட்டைப் போட்ட பிறகு நீங்கள்.

பூட்டுப் போட்டவர்கள் வந்து விழும் பெரிய பள்ளம் இன்னொன்று. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 2(இசட்கே) விளக்கத்தில், கட்டுபவரும் விற்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால் இருவரும் புரமோட்டர்கள், பொறுப்பும் கூட்டுப் பொறுப்பு. உங்கள் மனை 500 சதுர மீட்டருக்கு மேல் (5,400 சதுர அடி என்பது சுமார் 502), வீடும் எட்டுக்கு மேல். ஆகவே பதிவு கட்டாயம். பதிந்திருக்கிறார்களா, எந்த நாளில் முடிப்பதாக எழுதியிருக்கிறார்கள் என்று தமிழ்நாடு ரெரா தளத்தில் இன்றே பாருங்கள். ஆறு பேரில் ஒருவர் 18-ஆம் பிரிவில் மனுப் போட்டு, பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடு என்று உத்தரவு வாங்கினால், வட்டி ஸ்டேட் வங்கியின் உச்ச எம்சிஎல்ஆர்-க்கு (கடனுக்கான அடிப்படை வட்டி விகிதம்) மேல் 2 சதவீதம். கட்டாத தொகையை நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். பில்டர் பெயரில் ஒன்றும் இருக்காது. கலெக்டர் அலுவலகத்தின் கண்ணில் படும் ஒரே சொத்து உங்கள் பங்கு வீடுகள். ‘நான் ஏமாற்றப்பட்டவன்’ என்று அங்கே சொல்லலாம். சொல்லிவிட்டுக் கட்டவும் வேண்டும்.

அசல் மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பில்டரிடம் என்றால், பவரில் ‘அடமானம் வைக்க’ என்ற சொல் இருக்கிறதா, அவர் எடுத்த கடனுக்கு ஆவண ஒப்படைப்பு எதுவும் ஈசி-யில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் வங்கிக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். வங்கி அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிவிடும் சர்ஃபேசி சட்டத்தில் 13(2) நோட்டீஸ் வந்தால், கடனைக் கட்ட 60 நாள்தான். வந்த நோட்டீஸை பில்டருடையது என்று மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள்.

ரத்து செய்யத்தான் வேண்டுமென்றால் பவர் முழுவதையும் அல்ல, விற்பனை, அடமானம் பற்றிய பத்திகளை மட்டும். பில்டர் தன் ஐந்தையும் விற்றாகிவிட்டது, உங்கள் மண்ணில் விற்க அவருக்கு இனி உரிமை ஏதுமில்லை. 202-க்கு இதுவே நேரான பதில். அனுமதி, மின் இணைப்பு, முடிவுச் சான்று தொடர்பான அதிகாரம் அப்படியே இருக்கட்டும். பகுதி ரத்தைப் பதிந்து, பில்டருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். மூன்றாம் நபருக்குத் தெரிந்த பிறகுதான் ரத்து அவரைக் கட்டும் என்பதால் விளம்பரமும் கொடுங்கள், அதில் வசவு வேண்டாம். சார்பதிவாளரிடம் ஆட்சேபனை மனு கொடுத்து நிம்மதியாக உட்கார வேண்டாம். நீதிமன்றத் தடை இல்லாமல் அந்த மனு அவரைக் கட்டாது. போலீஸ் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பும். அவசரத் தடை வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் மத்தியஸ்தப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நடுவர் சட்டம் 9-ஆம் பிரிவில் மாவட்ட நீதிமன்றம். தடை கிடைத்த 90 நாளுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்கியாக வேண்டும். கூட்டு ஒப்பந்தத்தில் நிலம் கொடுத்தவரும் நுகர்வோரே என்று ஃபகீர் சந்த் குலாட்டி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் நுகர்வோர் ஆணையமும் திறந்திருக்கிறது. ஆனால் ஆறாவது பத்திரத்தைச் செல்லாததாக்கும் வேலை அங்கே நடக்காது. அதற்குச் சிவில் வழக்கு, சொத்து மதிப்பில் 3 சதவீதக் கட்டணம், வருடங்கள்.

ஆகவே சமாதானமாகப் போங்கள் என்பேன். அவமானத்தை மறந்து அல்ல, கணக்குப் போட்டு. ஆறாவது வீட்டை விட்டுக்கொடுத்து அதன் விலையைக் கேளுங்கள். யூடிஎஸ் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்புதான் இருக்கும், அதோடு கட்டுமான ஒப்பந்தத் தொகையையும் கூட்டினால் வருவதே விலை. பணமாகக் கொடுக்க அவரிடம் இருக்காது. வாங்கியவர்கள் இன்னும் கட்ட வேண்டிய தவணைகளை நேராகக் கட்டுமானக் கணக்குக்குத் திருப்பி, ஐந்தாம் தளத்தை முடிக்கச் செய்யலாம். இதையெல்லாம் பதிவான துணை ஒப்பந்தமாக எழுதுங்கள்: உங்கள் நான்கு வீடுகளின் தளமும் கதவு எண்ணும், கார் நிறுத்தும் இடம், கூரை, பூச்சு, லிஃப்ட், மின் இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தேதி, தேதி தவறினால் வேறு ஆளை வைத்து முடிக்கும் உரிமை, அடமானம் இருந்தால் மீட்டுக் கொடுக்க வேண்டிய நாள், அசல் பத்திரம் உங்கள் கைக்குத் திரும்புவது. பில்டர் தரும் ரொக்கத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார், அதிர வேண்டாம். கைச்செலவுக்கு உங்கள் வீடுகளில் ஒன்றை முடிவுச் சான்றுக்கு முன்பே விற்றுவிடாதீர்கள். மூலதன ஆதாய வரியைச் சான்று கிடைக்கும் ஆண்டுவரை தள்ளிவைக்கும் சலுகை அந்தப் பங்குக்குப் போய்விடும்.

பேச்சுக்கு உட்காரும்போது ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கெடு 2024 டிசம்பரில் முடிந்தது. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கும் வழக்குக்கு மூன்றாண்டு, அது 2027 டிசம்பரோடு சரி. நுகர்வோர் மனுவுக்கு இரண்டே ஆண்டு. வீட்டைக் கையில் தராதவரை வழக்குக் காரணம் தொடர்கிறது என்று வாதிடலாம், அதை நம்பிப் படுத்துத் தூங்கக் கூடாது. ஆறாவது பத்திரத்துக்கோ, உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டு என்று நீங்கள் சொல்வீர்கள். எதிர்த்தரப்பு பதிவான நாளிலிருந்து எண்ணச் சொல்லும். அந்தத் தேதி நகலின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.