டீக்கடையில் நீட்டிய இரண்டு பொறை

மேடம்,

எனக்கு 54 வயது. திருச்சியில் இருக்கிறேன். 11 வருஷம் எங்கள் வீட்டில் இருந்த மணி போய் இன்றோடு 23 நாள். ஜாதி நாய் இல்லை, மழையில் நனைந்து சாக்கடை ஓரம் கிடந்த குட்டி. கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார் டாக்டர். எட்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். கடைசியில் வலிப்பு வந்ததும் "ஊசி போட்டுவிடலாம்" என்றார். நான்தான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளஸ் டூ படிக்கும் மகள்தான் அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். கடைசியாக அது என்னைத்தானே தேடியிருக்கும்? இரண்டு மாசமாக நிறைய தண்ணீர் குடித்தது. வெயில்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆபீசில் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டேன். உண்மையைச் சொன்ன ஒரே நண்பன், "ஒரு நாய்க்காகவா? வேற ஒன்னு வாங்கிக்கோ" என்றான். முந்தாநாள் டீக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் டீயோடு இரண்டு பொறையையும் நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தச் சட்டையை இன்னும் துவைக்கப் போடவில்லை. அப்பா இறந்தபோதுகூட இப்படி அழவில்லை. எனக்கு ஏதாவது கோளாறா?

- பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள வாசகருக்கு,

கோளாறு ஒன்றும் இல்லை. அப்பா போனபோது வீடு நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள். பந்தல், சாப்பாடு, கருமாதி என்று அழக்கூட நேரம் இருந்திருக்காது. மணிக்கு அப்படி ஒரு துக்க வீடே இல்லை, காய்ச்சல் என்று பொய்தான் சொல்ல முடிந்தது. ஊர் ஒப்புக்கொள்ளாத இந்தத் துக்கத்துக்குத் தனிப் பெயரே வைத்து 1989இல் எழுதினார் கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர். நம் ஊர் இதில் முன்பு அவ்வளவு மோசமில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காத்து இறந்த வீரனோடு, கள்ளரைக் கடித்த அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். நண்பரிடம் சொல்லிப் பாருங்கள்.

தண்ணீர் விஷயம். வயதான நாய்களுக்குச் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடும்போது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் அப்படித் தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கும். போன பங்கு திரும்ப வராது. சீக்கிரம் பார்த்திருந்தால் சில மாதம் கூடியிருக்கலாம். அதற்கு மேல் உங்கள் கையில் இருந்ததில்லை.

வெளியே நின்றது? "அது உங்களைத் தேடியிருக்காது" என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை. அந்த ஊசி, மயக்க மருந்தையே அளவுக்கு மேல் கொடுப்பதுதான். முதலில் நினைவு போகும், அப்புறம்தான் மூச்சும் இதயமும் நிற்கும். அந்தச் சில நிமிஷம் என்ன நடந்தது என்று தெரிந்த ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். உங்கள் கடிதத்தில் மகள் ஒரே ஒரு வரியில் வந்து போகிறாள், எனக்கு அதுதான் உறுத்தியது. நீங்கள் பார்க்கப் பயந்ததை 17 வயதில் அவள் மடியில் வைத்துப் பார்த்தவள். இந்த 23 நாளில் அவளிடம் இதைப் பற்றிப் பேசினீர்களா?

சட்டையை அவசரப்பட்டுத் துவைக்க வேண்டாம். வேறு நாயும் இப்போது வேண்டாம், அதையும் மணி என்றே கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனால் 14416க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

இன்று ராத்திரி மகளிடம் கேளுங்கள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.